விருப்பம் சிலருக்கே

1969. டெல்லி ராஜ்காட்டில் காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கான கட்டட வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. தாய்மார்கள் கல் சுமக்க, கைக்குழந்தைகள் புழுதியில் கிடந்தன. அதைக் கண்டு பொறுக்காத மீரா மகாதேவன் அங்கேயே கூடாரம் போட்டுக் காப்பகம் தொடங்கினார். ‘மொபைல் கிரெஷஸ்’ அமைப்பு பிறந்தது. பிரச்னை மட்டும் இன்னும் தீரவில்லை.

குழந்தையை உடனிருந்து வளர்ப்பதா, காப்பகத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதா, தாத்தா பாட்டியிடம் ஒப்படைப்பதா? முடிவு குடும்பத்தினுடையது. ஆனால் முடிவெடுக்கும் வசதியை அரசு யாருக்குக் கொடுத்திருக்கிறது?

மத்திய அரசில் பணிபுரியும் தாய்க்கு 2008 முதல் அந்த வசதி உண்டு. பணிக்காலத்தில், இரண்டு குழந்தைகள் வரை பராமரிக்க, சம்பளத்துடன் 730 நாள் விடுப்பு. தனியார் நிறுவன ஊழியர்களுக்கோ, 2017ல் வந்த சட்டத் திருத்தம் முதல் இரு பேறுகளுக்கான விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடங்களில் காப்பகத்தையும் கட்டாயமாக்கியது. வீட்டிலிருப்பது, வேலைக்குத் திரும்புவது என்ற இரண்டு கதவுகளுமே இவர்களுக்குத் திறந்திருக்கின்றன, குறைந்தபட்சம் காகிதத்தில்.

இந்த வட்டம் மிகச் சிறியது. உழைக்கும் பெண்களில் பெரும்பாலோர் வயலிலும், செங்கல் சூளையிலும், பிறர் வீடுகளிலும் இருக்கிறார்கள். 2017ல் அறிமுகமான மாத்ரு வந்தனா திட்டம் முதல் குழந்தைக்குத் தருவது 5,000 ரூபாய். அதை 26 வாரத்துக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 28 ரூபாய்கூடத் தேறாது. 1975ல் தொடங்கிய அங்கன்வாடி, மூன்று வயதைத் தாண்டிய குழந்தைகளைச் சில மணி நேரம் பார்த்துக்கொள்கிறது. கைக்குழந்தையை யார் பார்ப்பது? பல வீடுகளில் பள்ளியை விட்டு நின்றுவிட்ட அக்காதான்.

செலவிலும் சிக்கல். ஈ.எஸ்.ஐ. வரம்புக்கு வெளியே உள்ளவர்களின் 26 வாரச் சம்பளம் முழுவதும் முதலாளியின் தலையில். இளம்பெண்ணை வேலைக்கு எடுக்கத் தயங்க இதுவே சாக்காகிறது. தந்தைக்கு மத்திய அரசுப் பணியில் 15 நாள் விடுப்பு. தனியார் துறையில் சட்டக் கட்டாயம் ஏதுமில்லை. குழந்தை தாயின் பொறுப்பு என்று சட்டமே நினைக்கிறது போலும்.

விடுப்பா, காப்பகமா என்பது வீண் வாதம். சில குடும்பங்களுக்குப் பணம் வேண்டும், சிலருக்கு இடம், பலருக்கு இரண்டும். தாயின் உத்தியோகத்தைப் பார்த்து வரும் உதவி, குழந்தையைப் பார்த்து வரவேண்டும். அதற்கான பணத்தை அரசும் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

அதுவரை, கல் சுமக்கும் தாயிடம் ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்பதில் அர்த்தமில்லை.