தாமதமாக வந்த மரியாதை

1936 ஜூலையில் ஸ்பெயின் குடியரசுக்கு எதிராக ராணுவத் தளபதிகள் கலகம் செய்தனர். கலகக்காரர்களுக்கு ஹிட்லரும் முசோலினியும் படையும் விமானமும் அனுப்பினர். குடியரசைக் காக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து சுமார் 35,000 பேர் தாமாகவே முன்வந்து பன்னாட்டுப் படையணிகளில் சேர்ந்தனர். 1938 அக்டோபர் 28 அன்று பார்சிலோனா நகரம் மலர் தூவி அவர்களை வழியனுப்பியது. சொந்த மண்ணில் கிடைத்த வரவேற்பு நாட்டுக்கு நாடு மாறியது.

சுவிட்சர்லாந்தில் அயல்நாட்டுப் படையில் சேர்வது குற்றம். திரும்பி வந்த நூற்றுக்கணக்கானோருக்கு ராணுவ நீதிமன்றங்கள் சிறைத்தண்டனை விதித்தன. அமெரிக்காவிலிருந்து சென்றவர்கள் சுமார் 2,800 பேர். 'காலத்துக்கு முன்பே பாசிசத்தை எதிர்த்தவர்கள்' என்ற முத்திரை அவர்கள்மீது விழுந்தது. 1947இல் அவர்களுடைய சங்கம் அரசின் சந்தேகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. கனடா தன் வீரர்களுக்கு முன்னாள் போர்வீரர் தகுதியையே தரவில்லை.

கிழக்கு ஜெர்மனி தன் தொண்டர்களை நாயகர்களாகப் போற்றியது. ஆனால் பொதுவுடைமை ஆட்சி எல்லோருக்கும் பாதுகாப்பாக அமையவில்லை. ஸ்பெயினில் போரிட்ட லாஸ்லோ ராய்க், ஹங்கேரியில் அமைச்சராக உயர்ந்தும், பொய்க் குற்றச்சாட்டின் பேரில் 1949இல் தூக்கிலிடப்பட்டார்.

இந்த வேறுபாடு போர்க்களத்தில் அவர்கள் செய்ததைப் பொறுத்து எழுந்ததல்ல. அந்தந்த நாட்டு அரசியல் விளைவித்தது. ஐரோப்பிய அரசுகள் ஸ்பெயின் போரில் தலையிடுவதில்லை என உடன்பாடு செய்திருந்தன. அதை மீறிச் சென்றவர்கள் பல நாடுகளில் சட்டத்தின் பார்வையில் குற்றவாளிகள். அவர்களில் பலர் பொதுவுடைமையர் என்பதால், பின்னர் வந்த பனிப்போர் அவர்கள்மீதான சந்தேகத்தை வளர்த்தது.

கலகத்தில் வென்று ஸ்பெயினை ஆண்ட தளபதி பிராங்கோ 1975இல் இறந்த பிறகு நிலைமை மாறத் தொடங்கியது. 1985இல் லண்டனிலும், 2001இல் ஒட்டாவாவிலும், 2008இல் சான் பிரான்சிஸ்கோவிலும் நினைவுச்சின்னங்கள் எழுந்தன. 1996இல் பிரான்ஸ் தன் தொண்டர்களை முன்னாள் போர்வீரர்களாக ஏற்றது. அதே ஆண்டில் ஸ்பெயின் பன்னாட்டுப் படையணியினருக்குக் குடியுரிமை தர முன்வந்தது. ஆனால் சொந்த நாட்டுக் குடியுரிமையைத் துறக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2007ஆம் ஆண்டுச் சட்டம் அதை நீக்கியது. 2009இல் சுவிட்சர்லாந்து பழைய தண்டனைகளை ரத்து செய்தது. அதற்குள் தண்டனை அனுபவித்தவர்களில் பெரும்பாலோர் இறந்துவிட்டிருந்தனர். கறை நீங்கிய பெயர் அவர்களுடைய பிள்ளைகளுக்கே கிடைத்தது.