புறாவும் தூக்க மருந்தும்

தூக்க மருந்து கொடுத்தால் விலங்கு மந்தமாகும்; இதில் கண்டுபிடிக்க என்ன இருக்குன்னு தோணலாம். ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் இருந்த பீட்டர் டியூஸ் 1955-ல் வெளியிட்ட ஒரு புறா ஆய்வு அந்த எண்ணத்தையே ஆட்டிவிட்டது.

பசித்த புறா, ஒரு பெட்டி, சுவரில் ஒரு சின்ன வட்டப் பொத்தான். அதைக் கொத்தினால் தானியம் கிடைக்கும். எப்போது கிடைக்கும் என்பதற்கு இரண்டு விதி வைத்தார். ஒன்றில் 50 கொத்துக்கு ஒருமுறை தீனி, பீஸ் ரேட் வேலை மாதிரி. இதற்குப் பழகிய புறா மடமடவென்று கொத்தித் தள்ளும். மற்றதில் 15 நிமிடம் கழிந்த பிறகு விழும் முதல் கொத்துக்கு மட்டும் தீனி. அதுவரை எத்தனை கொத்தினாலும் வீண். இட்லிப் பானையை அடுப்பில் வைத்ததுமே யாரும் திறந்து பார்ப்பதில்லை, நேரம் நெருங்க நெருங்கத்தானே கை போகும்? புறாவும் அப்படித்தான். முதலில் சும்மா இருக்கும், பிறகு மெல்ல வேகம் பிடிக்கும்.

இந்தப் புறாக்களுக்கு பென்டோபார்பிட்டால் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தார். ஒரு குறிப்பிட்ட அளவில், 15 நிமிட விதியில் கொத்துவது வெகுவாகக் குறைந்தது. அதே அளவில், 50 கொத்து விதியில் குறையவே இல்லை, கூடியது!

மயக்கம்தான் காரணம்னு சொல்ல முடியாது. மயங்கின புறா எப்படி வேகமாகக் கொத்தும்? பசி குறைஞ்சுதுன்னும் சொல்ல முடியாது. இரண்டிலும் அதே பசி, அதே தானியம். மாறியது விதியும், அது உண்டாக்கிய பழக்கமும்தான்.

ஊக்க மருந்தான ஆம்ஃபெட்டமினிலும் இதுபோல ஒன்று தெரியவந்தது. மெதுவாக நடக்கும் செயலை அது வேகப்படுத்தும். ஏற்கெனவே வேகமாக இருப்பதைக் குறைக்கும். துறுதுறுப்பு மிகுந்த குழந்தைகள் ஊக்க மருந்தால் அடங்குவதற்குச் சிலர் இதையே விளக்கமாக முன்வைத்தார்கள்.

ஆனால் வேகம் ஒன்றே எல்லாத்தையும் சொல்லிவிடும்னு எனக்குத் தோணலை. நெம்பை அழுத்தினால் தீனியோடு மின் அதிர்ச்சியும் வரும் என்றால் எலி தயங்கித் தயங்கித்தான் அழுத்தும். அதுவும் குறைந்த வேகம்தான். ஆனால் ஆம்ஃபெட்டமின் பொதுவாக அதைக் கூட்டுவதில்லை. கூட்டுபவை பென்டோபார்பிட்டால் வகை மருந்துகள்தான். பதற்றம் தணிக்கும் மருந்துகளைத் தேடியவர்கள் பிற்பாடு இந்தச் சோதனையைத்தான் சல்லடையாக வைத்துக்கொண்டார்கள்.