முயல் குட்டியின் நிறம்: விலை பேச அவசரம் வேண்டாம்

இராணிப்பேட்டை மாவட்டம் வாலாஜாபேட்டை போன்ற ஊர்களில் வீட்டுக் கொல்லையில் இரண்டொரு கூண்டு வைத்து முயல் வளர்க்க விரும்புவோர், குட்டி வாங்கும்போது முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். சாம்பல் குட்டியைச் 'சின்சில்லா' என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தபின், வளர்ந்ததும் அது பழுப்பாகத் தெரிந்தால் வாங்கியவருக்கும் விற்றவருக்கும் மனத்தாங்கலே மிச்சம். குட்டியின் நிறத்தைச் சரியாக அறிய வழிகள் உண்டு. ஆனால் அதற்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

முதல் பத்து நாட்கள்

முயல் குட்டி முடியின்றி, கண் மூடிய நிலையில் பிறக்கிறது. ஓரிரு நாட்களில் தோலே குறிப்புக் காட்டும். கருமை படரும் தோல் கருப்பு அல்லது சாம்பல் வகைக்கும், இளஞ்சிவப்பாகவே இருக்கும் தோல் வெள்ளை அல்லது வெளிர் நிறத்துக்கும் அடையாளம். ஒரு வாரத்தில் மெல்லிய முடி மூடிவிடும். அப்போது காதின் உட்புறத்தையும் வயிற்றையும் பார்க்க வேண்டும். அவை வெளுத்திருந்தால் அது 'அகூட்டி' எனப்படும் காட்டு நிறமாகவோ சின்சில்லாவாகவோ இருக்கும். காது, முதுகு, வயிறு எல்லாம் ஒரே கருப்பாக இருந்தால் முழுக் கருப்பு. பத்துப் பன்னிரண்டு நாட்களில் கண் திறக்கும். கண் சிவப்பாக இருந்தால் வெள்ளை அல்லது ஹிமாலயன் வகை என்று கொள்ளலாம்.

ஊதிப் பாருங்கள்

அகூட்டியையும் சின்சில்லாவையும் பிரித்தறிய, குட்டிக்கு நான்கு வாரமாகி முடி நீண்டதும் முதுகு முடியை வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். முடி விலகி வட்ட வட்டமாக நிறம் தெரியும். அடியில் கருநீலம், நடுவில் மஞ்சள் அல்லது செம்பழுப்பு, நுனியில் கருப்பு என்றால் அகூட்டி. நடு வளையம் மஞ்சளின்றி வெண்மையாக இருந்தால் சின்சில்லா நிறம். இதைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும். மஞ்சள் விளக்கொளியில் வெள்ளையும் மஞ்சளாகத் தெரியும்.

அப்போதும் தெரிவது குட்டி முடியே. அது உதிர்ந்து பெரிய முயலுக்குரிய முடி வர நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். மேலும், நிறம் வேறு, இனம் வேறு. சின்சில்லா நிறம் இருப்பதால் மட்டும் ஒரு முயல் சோவியத் சின்சில்லா இனம் ஆகிவிடாது. இனம்தான் வேண்டும் என்பவர்கள், பதிவேடு வைத்து வளர்க்கும் இடங்களில் வாங்குவது நலம். கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் உள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் அத்தகைய ஓர் இடம்.

வெயில் மாற்றும் நிறம்

மூக்கு, காது, கால், வால் ஆகியவை மட்டும் கருத்திருக்கும் ஹிமாலயன் வகைக் குட்டிகள் முதலில் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கும். உடல் குளிர்ந்த இடங்களில் மட்டுமே கருப்பு ஊறும் தன்மை இவற்றுக்கு உண்டு. ஆகவே பாலாற்றங்கரை வெயிலில் இக்கருப்பு வெளுத்துக் காணலாம். கலப்பு என்று எண்ணி அவற்றைக் கழித்துவிட வேண்டாம்.

பெற்றோரைப் பார்த்தால்

இரு சிவப்புக்கண் வெள்ளை முயல்களைச் சேர்த்தால் எல்லாக் குட்டிகளும் வெள்ளையே. காட்டு நிறப் பெற்றோருக்குக் கருப்புக் குட்டி பிறக்கலாம். பெட்டை தவறியதாகச் சந்தேகிக்க வேண்டாம். கருப்பு நிறம் பெற்றோரில் மறைந்திருக்கும். ஆனால் இரு கருப்பு முயல்களுக்குக் காட்டு நிறக் குட்டி பிறந்தால், வேறு ஆண் முயல் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.

காட்டு முயல் அல்லவே?

வயலில் கிடைத்ததென்று பழுப்புக் குட்டி ஒன்றை யாரேனும் கொடுத்தால் வாங்கக் கூடாது. அது காட்டு முயலாக இருக்கலாம். காட்டு முயல் குட்டி பிறக்கும்போதே முடியுடனும் திறந்த கண்ணுடனும் இருக்கும். வளர்ந்தபின் பிடரியில் கருந்திட்டு தெரியும். வளர்ப்பு முயலுடன் சேர்த்தாலும் இனம் பெருகாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம்.

எப்போது விற்பது?

முடியை ஊதிப் பார்க்கும் வயதுக்கு முன்னரே குட்டியைப் பிரித்தால் நிறமும் தெரியாது, குட்டியும் பிழைப்பது அரிது. மூன்று வாரக் குட்டிக்குத் தாய்ப்பாலே முக்கிய உணவு. தீவனம் செரிக்காமல் கழிச்சல் கண்டு இறந்துவிடும். ஐந்தாறு வாரம் வரை தாயுடன் விட்டு, தானாகத் தீவனம் தின்னப் பழகியபின் விற்பதே முறை. வாங்குவோரும் நிறத்தைக் கேட்கும் முன் வயதைக் கேட்க வேண்டும். வால் அடியில் கழிச்சல் ஒட்டாமல், கண் தெளிவாக, துறுதுறுப்பாக உள்ள குட்டி எந்த நிறமானாலும் நல்ல குட்டியே.