கப்பலேறிய சேறு

1880-களில் கார்ல் லும்ஹோல்ட்ஸ் என்ற நார்வேக்காரர் ஆஸ்திரேலியாவில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே குவீன்ஸ்லாந்தில் ஒரு குளத்தங்கரையில் எடுத்த சேறு, காய்ந்த கட்டியாகக் கப்பலேறி நார்வே போய்ச் சேர்ந்தது. நம் வீட்டுக்கு இப்படி ஒரு பார்சல் வந்தால் அம்மா என்ன சொல்வார் என்று நினைத்துப் பாருங்கள்! ஆனால் அதைப் பிரித்த ஓசியன் சார்ஸ் என்ற விலங்கியலாளருக்கு ஒரே மகிழ்ச்சி. கண்ணாடித் தொட்டியில் தண்ணீர் விட்டு, கட்டியை அதில் கரைத்துவிட்டுக் காத்திருந்தார். சில நாளில் தொட்டிக்குள் பொடிப்பொடியாக ஏதோ துள்ளத் தொடங்கியது. பாதி உலகம் தாண்டி வந்த நீர்த்தெள்ளுகள்!

அவற்றில் ஒன்று புது இனம். தலையில் கூரான தொப்பி, பின்னால் நீண்ட முள். சேறு எடுத்தவரின் பெயரையே அதற்கு வைத்தார் சார்ஸ்: டாஃப்னியா லும்ஹோல்ட்ஸி. அதே இனம் நம் இந்தியக் குளங்களிலும் உண்டு.

தெள்ளு என்றதும் நாயின் மேல் தாவும் பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள். இது பூச்சியே இல்லை. இறாலுக்கும் நண்டுக்கும் சொந்தக்காரர். பெரும்பாலானவை ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும். உடல் கண்ணாடி மாதிரி தெளிவானது. பள்ளியில் உள்ள நுண்ணோக்கியில் வைத்தால் இதயம் படபடவென்று அடிப்பது வெளியிலிருந்தே தெரியும். அன்றைக்கு அது தின்ற பச்சைப் பாசியும் குடலில் கோடு போட்டதுபோலத் தெரியும்.

குளம் நிறைந்திருக்கும்போது நீர்த்தெள்ளு ஊரில் அப்பாக்களைத் தேடினாலும் கிடைப்பது அரிது. தாய்கள் தனியாகவே முட்டையிட்டு, முதுகுப் பையில் வைத்துப் பொரித்து, மகள்களாகப் பெற்றுத் தள்ளும். தண்ணீர் குறைந்து, இரை குறைந்து, நெரிசல் கூடினால்தான் ஆண்கள் பிறக்கும். அப்போது உண்டாகும் முட்டை வேறு மாதிரியானது. குதிரைச் சேணம் போன்ற கறுத்த உறைக்குள் அது பத்திரமாக இருக்கும். வெயிலில் குளம் பாளம்பாளமாக வெடித்தாலும் சாகாது. பறவையின் காலில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஊர்க் குளத்துக்கும் போகும். அமெரிக்காவில் ஓர் ஏரியின் அடிச்சேற்றில் எழுநூறு ஆண்டு தூங்கிய முட்டையைக்கூட விஞ்ஞானிகள் பொரிக்கவைத்துவிட்டார்கள்!

இப்படிப் பயணம் போகத் தெரிந்தால் எல்லா இனமும் எல்லா இடத்திலும் இருக்க வேண்டுமே? இல்லை. போய்ச் சேருவது வேறு, பிழைத்துக் கிடப்பது வேறு.

இமயத்தின் உயரமான ஏரிகளில் பெரிய உடம்புள்ள டாஃப்னியாக்கள் உண்டு. சில கறுப்பாகவே இருக்கும். மேலே போகப் போக வெயிலில் புற ஊதாக் கதிர் கூடும் அல்லவா, அதைத் தாங்கத்தான் அந்தக் கறுப்பு. பல ஏரிகளில் மீனே இல்லை. அதனால் கறுப்பாகக் கண்ணில் பட்டாலும் கவலையில்லை.

இறங்கி நம் ஊர்க் கண்மாய்க்கு வாருங்கள். இங்கே தண்ணீர் சூடு, மீன்களோ ஏராளம். பெரிதாக வளர்ந்தால் மீன் வாயில் போக வேண்டியதுதான். அதனால் மொய்னா, செரியோடாஃப்னியா, டயாஃபனோசோமா போன்ற குள்ளர்களின் ராஜ்யம். வண்ண மீன் வளர்க்கிறவர்கள் குஞ்சுகளுக்கு இரையாகப் போடுவது இந்த மொய்னாவைத்தான். லும்ஹோல்ட்ஸியின் தந்திரம் வேறு. தண்ணீரில் மீன் வாடை அடித்தால் அதன் தொப்பியும் முள்ளும் இன்னும் நீளமாக வளரும். சின்ன மீன்கள் விழுங்கப் பார்த்துத் துப்பிவிடும்.

இந்தியாவின் நன்னீரில் நூற்றுக்கும் மேற்பட்ட நீர்த்தெள்ளு இனங்கள் உண்டு. கடலுக்குப் போனால் கதை தலைகீழ். உலகக் கடல் முழுவதையும் சேர்த்தாலும் அசல் கடல் தெள்ளுகள் பத்தைத் தாண்டுமா என்பதே சந்தேகம். ஆனால் அந்தச் சிலவும் லேசுப்பட்டவை அல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கேரளக் கரையோரம் குளிர்ந்த அடிநீர் சத்துகளோடு மேலே வரும்போது, பெனிலியாவும் எவாட்னியும் கூட்டங்கூட்டமாகப் பெருகிவிடும்.

கடலில் ஆட்சி செய்வது நீர்த்தெள்ளுகளின் உறவினரான துடுப்புக்காலிகள் என்ற பொடி உயிரிகள். 1960-களில் பல நாட்டுக் கப்பல்கள் சேர்ந்து இந்தியப் பெருங்கடலை ஆராய்ந்தன. 200 மீட்டர் ஆழத்திலிருந்து வலையை மேலே இழுத்துச் சேர்த்த மிதவை உயிரிகளைப் பிரித்துப் பார்க்கக் கொச்சியில் தனி மையமே இருந்தது. அந்தப் புட்டிகளில் பெரும்பாலும் இருந்தவை துடுப்புக்காலிகள்தான். உங்கள் தட்டில் விழும் நெத்தியும் மத்தியும் தின்ற இரையில் அவற்றின் பங்கு இருக்கிறது.

துடுப்புக்காலிகள் குளத்திலும் உண்டு. சைக்ளாப்ஸ் என்ற ஒற்றைக் கண்ணர் அவர்களில் ஒருவர். இவருக்குப் பழைய குற்றம் ஒன்று உண்டு. நரம்புச் சிலந்திப் புழுவின் குஞ்சுகளைத் தின்று வயிற்றில் வைத்திருப்பார். அந்தத் தண்ணீரைக் குடித்தவரின் உடம்பில் ஏறத்தாழ ஒரு வருடம் வளர்ந்து, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளப் புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கு மருந்தோ தடுப்பூசியோ கிடையாது. துணியில் வடிகட்டிக் குடித்ததும், இறங்கி நீர் மொண்ட படிக்கிணறுகளை மாற்றியதும்தான் காப்பாற்றின. இந்தியாவில் கடைசி நோயாளி 1996-ல் ராஜஸ்தானில். 2000-ல் நாடே விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. பாவம், ஒற்றைக் கண்ணரும் வேண்டுமென்று செய்யவில்லை.

கோடையில் பெரியவர் யாரோடாவது வறண்ட குளத்துக்குப் போய் ஒரு கைப்பிடி மண் எடுத்து வாருங்கள். கண்ணாடிப் பாட்டிலில் போட்டு மழைநீரோ கிணற்றுநீரோ ஊற்றுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் வேண்டாம். நிழலில் வைத்து, ஒரு வாரம் பொறுமையாகப் பாருங்கள். துள்ளி மேலே போய், மெல்லக் கீழே இறங்கி, மறுபடி துள்ளினால் அது நீர்த்தெள்ளு. விருட்டென்று பாய்ந்து, வாலருகே இரண்டு முட்டைப் பைகளைச் சுமந்து போனால் ஒற்றைக் கண்ணர் வந்துவிட்டார். பார்த்து முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.