கோதுமையும் குடலும் மரபணுவும்: ஒரு தாயின் கேள்வி

“டாக்டர், இந்த நோய் என்னிடமிருந்துதான் என் மகளுக்கு வந்ததா?”

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என்னிடம் கேட்ட கேள்வி இது. அவருடைய மகளுக்கு அப்போது ஒன்பது வயது. பார்ப்பதற்கு ஆறு வயதுக் குழந்தை போல இருந்தாள். அடிக்கடி வயிறு உப்புசம், வயிற்றுப்போக்கு. இரண்டு ஆண்டுகளாக இரும்புச்சத்து மருந்து கொடுத்தும் இரத்தசோகை தீரவில்லை. தந்தையின் பணி காரணமாக வட இந்திய நகரம் ஒன்றில் வளர்ந்த அக்குழந்தைக்கு இரு வேளையும் சப்பாத்திதான் உணவு. இரத்தப் பரிசோதனையும், எண்டோஸ்கோப்பி வழியாக எடுத்த சிறுகுடல் திசுவின் பரிசோதனையும் காரணத்தைக் காட்டின. அவளுக்கு இருந்தது சீலியாக் நோய்.

குடல் கற்றுக்கொள்ளும் பொறுமை

நாம் உண்ணும் ஒவ்வொரு கவளத்திலும் உடலுக்கு அந்நியமான புரதங்கள் இருக்கின்றன. கிருமிகளை எதிர்க்க வேண்டிய குடலின் நோய் எதிர்ப்பு மண்டலம், உணவை மட்டும் எதிர்க்காமல் பொறுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறது. பெரும்பாலோருக்கு இந்தப் பொறுமை வாழ்நாள் முழுதும் நீடிக்கிறது.

புரதத் துணுக்குகளை ஏந்திப் பிடித்து, எதிர்ப்பு அணுக்களுக்குக் காட்டும் மூலக்கூறுகள் நம் உடலில் உண்டு. அவற்றை எச்.எல்.ஏ. என்கிறோம். ஆறாவது குரோமோசோமில் உள்ள மரபணுக்கள் அவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கின்றன. கைக்குக் கை பிடி வேறுபடுவது போல, எந்தத் துணுக்கை இறுகப் பிடிப்பது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது.

கோதுமை, பார்லி போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்னும் புரதத்தை நம் செரிமான நொதிகளால் முழுமையாக வெட்ட இயலாது. நீண்ட துணுக்குகள் எஞ்சிவிடுகின்றன. குடற்சுவரில் உள்ள டிரான்ஸ்குளூட்டமினேஸ் என்னும் நொதி அத்துணுக்குகளைச் சிறிது மாற்றுகிறது. அவ்வாறு மாறிய துணுக்கை டி.க்யூ.2, டி.க்யூ.8 என்ற இரு எச்.எல்.ஏ. வகைகள் மிக இறுக்கமாகப் பற்றிக்கொள்கின்றன. அதைப் பகையெனக் கருதும் எதிர்ப்பு அணுக்கள் தாக்குதலைத் தொடங்குகின்றன. உணவின் சத்தை உள்வாங்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து தட்டையாகின்றன. அந்தக் குழந்தைக்கு இரும்புச்சத்து மருந்து பலன் தராததற்குக் காரணம் இதுவே: மருந்து வயிற்றுக்குள் சென்றது, உடலுக்குள் சேரவில்லை.

இந்நோய்க்குக் கோதுமையே காரணம் என்று நிறுவியவர் நெதர்லாந்தின் குழந்தை மருத்துவர் வில்லம் டிக்கே. 1944–45 குளிர்காலத்தில் அந்நாட்டில் பஞ்சம் நிலவி, ரொட்டி அரிதானது. அப்போது இந்நோயுற்ற குழந்தைகள் தேறியதையும், ரொட்டி மீண்டும் கிடைத்ததும் நலிந்ததையும் அவர் கவனித்தார். தம் ஆய்வேட்டை 1950-இல் அளித்தார்.

மரபணு மட்டும் போதாது

டி.க்யூ.2 அல்லது டி.க்யூ.8 இருந்தால் நோய் வந்தே தீருமா? இல்லை. நம் நாட்டில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு இவற்றுள் ஒன்று இருக்கிறது. அவர்களுள் நூற்றில் சிலருக்கே நோய் வருகிறது.

இதற்கு நல்ல சான்று நம் நாட்டிலேயே கிடைத்துள்ளது. 23,000-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2016-இல் வெளியான ஆய்வில், இம்மரபணு வகைகள் வட இந்தியரில் சுமார் 38 விழுக்காட்டினருக்கும் தென்னிந்தியரில் சுமார் 36 விழுக்காட்டினருக்கும் இருந்தன. அதாவது, ஏறக்குறைய சமம். ஆனால் இந்நோய்க்கான எதிர்ப்பொருள் இரத்தத்தில் காணப்பட்டதோ வடக்கில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேல். தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். நாளொன்றுக்கு உண்ணும் கோதுமையின் அளவு வடக்கில் சுமார் 455 கிராம். தெற்கில் 25 கிராம். மரபணு ஒன்றாயிருக்க, உணவுத்தட்டு வேறாயிருந்தது.

உணவும் முழு விடையன்று. ஒரே கருவிலிருந்து உருவான இரட்டையரிலும் ஒருவருக்கு நோய் வந்து மற்றவருக்கு வராமல் போவதுண்டு. எனினும், இரவில் சப்பாத்தி உண்பது நம் வீடுகளிலும் வழக்கமாகிவிட்ட இந்நாளில், தீராத இரத்தசோகையோ வளர்ச்சிக் குறைவோ கண்டால் இந்நோயையும் மருத்துவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

தாய்க்கு நான் சொன்ன விடை

டி.க்யூ.2 மூலக்கூறு இரு பகுதிகளால் ஆனது. சிலருக்கு இரண்டும் ஒரே பெற்றோரிடமிருந்து வருகின்றன. சிலருக்கு ஒரு பகுதி தாயிடமிருந்தும் மற்றது தந்தையிடமிருந்தும் வருகின்றன. தெரிந்து கொடுத்தது எதுவுமில்லை. பழி சுமக்க வேண்டியவர் எவருமில்லை. “ஆனால் உங்கள் மகனையும் பரிசோதிக்க வேண்டும்” என்றேன்.

நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள் ஆகியோருள் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருக்கக்கூடும். அச்சிறுவனுக்கு எந்தத் தொல்லையும் இல்லை. பள்ளியில் ஓட்டப்பந்தய வீரன். ஆயினும் அவனுடைய இரத்தத்தில் எதிர்ப்பொருள் மிகுந்திருந்தது. திசுப் பரிசோதனையும் நோயை உறுதி செய்தது. உடல் நலியும் முன்பே அவனுக்குச் சிகிச்சை தொடங்கிற்று.

குடும்பத்தினர் கவனத்திற்கு

• பரிசோதனைக்கு முன் கோதுமையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறைந்து, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

• மரபணுப் பரிசோதனையில் இவ்விரு வகைகளும் இல்லையெனில், சீலியாக் நோய் வர அநேகமாக வாய்ப்பில்லை. இருந்தால், நோய் உண்டு என்று பொருளன்று.

• நோய் உறுதியானால் வாழ்நாள் முழுதும் குளூட்டனைத் தவிர்ப்பதே சிகிச்சை. அரிசி, பருப்பு, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, பால், முட்டை, மீன் அனைத்தும் உண்ணலாம்.

• கோதுமை, மைதா, ரவை, சேமியா, பார்லி, மால்ட் பானங்கள் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சிட்டையைப் படித்து வாங்குங்கள்.

• மாவு மில்லில் கோதுமைக்குப் பின் அரைத்த கேழ்வரகிலும் கோதுமை கலந்துவிடும். வீட்டிலேயே அரைப்பது நல்லது. சப்பாத்திக்கும் தோசைக்கும் தனித்தனிக் கல் வைத்துக்கொள்ளுங்கள்.

• நோயில்லாதவர் கோதுமையைக் கைவிடத் தேவையில்லை.

ஓராண்டுக்குப் பின் அந்தக் குழந்தை ஏழு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள், இரத்தசோகை நீங்கியிருந்தது. இரு பிள்ளைகளின் மதிய உணவுப் பெட்டியிலும் இப்போது பொடி தடவிய இட்லி செல்கிறது. “இட்லி எப்போதும் நம் வீட்டில் இருந்ததுதானே, டாக்டர்” என்று அத்தாய் சொன்னபோது, முன்பு அவர் குரலில் இருந்த குற்றவுணர்வு இல்லை.