காய்ச்சலோடு உடம்பில் சிவப்புத் தடிப்பா? எல்லாமே அம்மை அல்ல!

இரண்டு நாளாகச் சளி, இருமல், காய்ச்சல். மூன்றாம் நாள் பார்த்தால், குழந்தையின் முதுகிலும் வயிற்றிலும் சிவப்புப் புள்ளிகள். உடனே, ‘அம்மை போட்டிருக்கு’ என்று வாசலில் வேப்பிலை செருகுவார்கள். காரைக்குடிப் பக்கம் என்றால், மீனாட்சிபுரம் முத்துமாரியம்மனுக்குத் தக்காளிப் பழமும் நேர்ந்துகொள்வார்கள். நேர்த்திக்கடன் இருக்கட்டும், ஆனால், அதற்காக டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடக் கூடாது.

தோலில் ஏன் தெரிகிறது?

மூச்சுப்பாதையில் நுழைந்த வைரஸை எதிர்த்து உடல் போராடும்போது, அதன் தாக்கம் தோலிலும் தெரியலாம். கொரோனா வந்த சில குழந்தைகளுக்குச் சிவப்புத் திட்டு, அரிக்கும் தடிப்பு, சிறு கொப்புளம் எனப் பலவிதமாக வந்தது. பெரும்பாலும் இவை சில நாள்களில் தானாகவே மறைந்துவிடும்.

தட்டம்மை என்றால்..?

காய்ச்சல், இருமல், மூக்கொழுகல், கண் சிவப்பு ஆகியவை முதலில் வரும். சில நாள்கள் கழித்து முகத்திலும் காதுக்குப் பின்னாலும் தடிப்பு தொடங்கி, கீழ்நோக்கிப் பரவும். இது காற்றில் வேகமாகத் தொற்றும். 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என எம்.ஆர். தடுப்பூசியை அரசு இலவசமாகப் போடுகிறது. தவறவிடாதீர்கள்.

சளி குணமான பிறகும் கவனம்

கொரோனா வந்துபோன 2 முதல் 6 வாரங்களில், அரிதாகச் சில குழந்தைகளுக்கு உடல் முழுவதும் அழற்சி ஏற்படுகிறது. ‘எம்.ஐ.எஸ்.-சி’ எனப்படும் இது இதயத்தையும் பாதிக்கலாம். விடாத காய்ச்சல், தடிப்பு, சிவந்த கண்கள், வெடித்த உதடு, வீங்கிய கை கால், வயிற்றுவலி, வாந்தி ஆகியவை இதன் அறிகுறிகள்.

கொரோனாவோடு இத்தகைய கடும் அழற்சிக்கு ஆளான 8 வயதுச் சிறுவனுக்கு, 2020-ல் சென்னை காஞ்சி காமகோடி சைல்ட்ஸ் டிரஸ்ட் மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலின், டோசிலிசுமாப் மருந்துகள் செலுத்தப்பட்டன. அவன் குணமடைந்ததை டாக்டர்கள் ‘இந்தியன் பீடியாட்ரிக்ஸ்’ இதழில் பதிவு செய்தனர்.

வீட்டில் என்ன பார்க்கலாம்?

* கண்ணாடி டம்ளரைத் தடிப்பின் மேல் அழுத்திப் பாருங்கள். நிறம் மங்காமல் அப்படியே இருந்தால், தோலுக்கு அடியில் ரத்தம் கசிந்திருக்கலாம். உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.
* மாநிற, கறுப்பு நிறக் குழந்தைகளுக்குச் சிவப்பு பளிச்செனத் தெரியாது. உள்ளங்கை, உள்ளங்கால், வாயின் உட்புறத்தையும் பாருங்கள்.
* தடிப்பை போனில் படமெடுத்து வையுங்கள். டாக்டரைப் பார்ப்பதற்குள் மறைந்துவிட்டாலும் காட்ட உதவும்.
* மெடிக்கலில் நீங்களாகக் கிரீமோ மாத்திரையோ வாங்கிக் கொடுக்காதீர்கள்.

எப்போது ஓட வேண்டும்?

மூச்சு வாங்குதல், சோர்ந்து எழுப்ப முடியாத நிலை, சிறுநீர் குறைதல், உதடு நீலமாதல், வலிப்பு - இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 108-ஐ அழையுங்கள். கடந்த ஒன்றரை மாதத்தில் குழந்தைக்கோ வீட்டில் யாருக்கோ சளிக்காய்ச்சல் வந்திருந்தால், அதையும் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.