மூடிய வண்டியும் மூச்சிரைக்கும் நாயும்

ஜான் ஸ்டைன்பெக் என்ற அமெரிக்க எழுத்தாளரின் பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1962-ஆம் ஆண்டு இலக்கியத்திற்கான நோபல் பரிசு பெற்றவர் அவர். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1960-இல், ஒரு சிறு லாரியின் பின்புறத்தில் கட்டிலும் அடுப்பும் கொண்ட அறை ஒன்றைப் பொருத்திக்கொண்டு, தம் நாட்டைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். அவருக்குத் துணையாக உடன் சென்றது சார்லி என்ற பூடில் வகை நாய். பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூலின் தலைப்பிலேயே சார்லிக்கு இடம் கிடைத்துவிட்டது.

இத்தகைய பயணம் அமெரிக்காவில் புதுமையன்று. காரின் பின்னால் ஒரு சிறு வீட்டையே இழுத்துக்கொண்டு போவார்கள். அதற்கு டிரெய்லர் என்று பெயர். ஏரிக்கரைகளிலும் காட்டோரங்களிலும் தண்ணீர்க் குழாயும் மின் இணைப்பும் கொண்ட முகாம் திடல்கள் இருக்கின்றன. அங்கே வண்டியை நிறுத்திச் சில நாட்கள் தங்குவார்கள். வீட்டில் வளரும் நாயும் பெரும்பாலும் உடன் செல்லும்.

அப்படிச் செல்பவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் எச்சரிக்கை ஒன்று உண்டு: "மூடிய வண்டிக்குள் நாயைத் தனியே விட்டுச் செல்லாதீர்கள்!" இருந்தும் ஒவ்வொரு கோடையிலும் பல நாய்கள் இவ்வாறு உயிரிழக்கின்றன. நாயை விட்டுச் சென்றவர் கொடியவர் அல்லர். 'கடைக்குள் போய் ஒரு நிமிடத்தில் வந்துவிடலாம், வெயில்கூட அதிகமில்லை' என்று எண்ணியவர்தாம். அந்த எண்ணத்தில் பிழை எங்கே இருக்கிறது? வெப்பவியல் பாடத்தில் நீங்கள் படித்ததைக் கொண்டே அதைக் கண்டுபிடித்து விடலாம்.

வெளியே இதம், உள்ளே கொதிப்பு

கலிபோர்னியாவில் மருத்துவர்களும் ஒரு வானிலை அறிஞரும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று 2005-இல் வெளியாயிற்று. மேகமற்ற 16 நாட்களில், ஒரு காரை வெயிலில் நிறுத்தி, உள்ளே வெப்பநிலை எப்படி உயர்கிறது என்று அளந்தார்கள். அந்த நாட்களில் வெளி வெப்பநிலை சுமார் 22 முதல் 36 டிகிரி செல்சியஸ் வரை இருந்தது.

ஒரு மணி நேரத்தில் காரின் உட்புறம் வெளியைவிடச் சராசரியாக 22 டிகிரி கூடுதலாகச் சூடேறியது. இந்த உயர்வில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே நிகழ்ந்துவிட்டது. வெளியே 22 டிகிரி இருந்த நாளில்கூட உள்ளே 47 டிகிரி வரை சென்றது. 22 டிகிரி என்பது நமது உதகையின் இதமான பகல் வெப்பநிலை என்பதை நினைத்துப் பாருங்கள்! சன்னல் கண்ணாடிகளை ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் இறக்கி வைத்தும் சோதித்தார்கள். அதனால் குறிப்பிடத்தக்க பயன் எதுவும் இல்லை.

கண்ணாடி செய்யும் வேலை

இதற்குக் காரணம் என்ன? பல நூல்களில் ஒரு விளக்கம் காணப்படும். கண்ணாடி சூரிய ஒளியை உள்ளே விடுகிறது. உள்ளே இருக்கும் இருக்கைகள் சூடேறி, நீண்ட அலைநீளமுள்ள அகச்சிவப்புக் கதிர்களை வீசுகின்றன. அவற்றைக் கண்ணாடி வெளியே விடுவதில்லை. ஆகவே வெப்பம் சிறைப்படுகிறது என்பது அவ்விளக்கம். இது பொய்யன்று, ஆனால் முழு உண்மையும் அன்று.

1909-இல் ஆர். டபிள்யூ. வுட் என்ற அமெரிக்க இயற்பியலறிஞர் ஓர் எளிய சோதனை செய்தார். கறுப்பு அட்டையாலான இரண்டு பெட்டிகளை எடுத்துக்கொண்டார். ஒன்றைக் கண்ணாடியாலும், மற்றதைப் பாறை உப்புத் தகட்டாலும் மூடினார். பாறை உப்பு, கண்ணாடி தடுக்கும் அகச்சிவப்புக் கதிர்களையும் ஊடுருவ விடும். மேற்கூறிய விளக்கமே முழுமையானது என்றால் உப்புப் பெட்டி குளிர்ச்சியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் சூரிய ஒளியை முதலில் ஒரு கண்ணாடித் தகட்டின் வழியே செலுத்திப் பார்த்தபோது, இரண்டு பெட்டிகளும் ஏறக்குறைய ஒரே அளவு, சுமார் 55 டிகிரி வரை, சூடேறின.

அப்படியானால் இரண்டு மூடிகளும் பொதுவாகச் செய்த வேலை எது? காற்றை அடைத்து வைத்ததுதான். திறந்த வெளியில் தரையை ஒட்டிச் சூடேறிய காற்று மேலே எழும். குளிர்ந்த காற்று அந்த இடத்திற்கு வரும். இதுவே வெப்பச் சலனம். மூடிய காரில் இந்தப் பாதை அடைபட்டுவிடுகிறது. சன்னலில் 4 சென்டிமீட்டர் இடைவெளி விடுவது, பெரிய சமையலறையில் கதவை ஒரு விரற்கடை திறந்து வைப்பது போலத்தான்.

ஒரு சிறு கணக்கு

நடுப்பகல் வெயிலுக்கு நேராக உள்ள 1 சதுர மீட்டர் பரப்பில் விழும் ஆற்றல் சுமார் 1000 வாட். கண்ணாடியைத் தாண்டி 700 வாட் உள்ளே வருவதாகக் கொள்வோம். இது ஒரு மின்சார இஸ்திரிப் பெட்டியின் திறனுக்குச் சமம். அதாவது, எரியும் இஸ்திரிப் பெட்டி ஒன்றை உள்ளே வைத்து, காரைப் பூட்டிவிட்டுப் போகிறோம்!

காருக்குள் சுமார் 3 கன மீட்டர் காற்று இருக்கிறது. அதன் நிறை ஏறத்தாழ 3.5 கிலோகிராம். அந்தக் காற்றின் வெப்பநிலையை 1 டிகிரி உயர்த்த சுமார் 3500 ஜூல் போதும். வந்த ஆற்றல் முழுவதும் காற்றுக்கே போனால் 5 வினாடியில் 1 டிகிரி ஏறிவிடும். நல்ல வேளையாக, அதில் பெரும்பகுதியை இருக்கைகளும் இரும்புச் சட்டங்களும் வாங்கிக்கொள்கின்றன. ஒரு பகுதி சுவர்கள் வழியாக வெளியே கசிகிறது.

நியூட்டனின் குளிர்தல் விதி நினைவிருக்கிறதா? உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு எவ்வளவோ அதற்கேற்ப வெப்பம் வெளியேறும். தொடக்கத்தில் வேறுபாடு இல்லை. ஆகவே இழப்பும் இல்லை. வெப்பநிலை விரைந்து ஏறுகிறது. வேறுபாடு 20 டிகிரியைத் தாண்டியதும் வரவும் செலவும் ஏறக்குறைய சமமாகின்றன. வெளியே எவ்வளவு டிகிரி இருந்தாலும் உயர்வு மட்டும் ஏன் 22 டிகிரி அளவிலேயே இருந்தது என்பது இப்போது விளங்குகிறதல்லவா? அந்த உயர்வைத் தீர்மானிப்பது வெளிக்காற்றைவிட வெயில்தான்.

நாயின் குளிர்விப்புப் பொறி

நமக்கு உடல் முழுவதும் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகும்போது உடலிலிருந்து உள்ளுறை வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. நாயின் வியர்வைச் சுரப்பிகளோ பெரும்பாலும் பாதங்களின் அடியில்தான் உள்ளன. அவை போதா. ஆகவே அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கிறது.

ஓய்வாக இருக்கும் நாய் நிமிடத்திற்கு 10 முதல் 35 முறை மூச்சு விடும். வெப்பம் கூடினால் இது மெல்ல மெல்ல உயர்வதில்லை. சட்டென்று 300-க்கு மேல் தாவிவிடும். இதன் காரணத்தை 1962-இல் கிராஃபோர்டு என்ற அறிஞர் ஆராய்ந்தார். நாயின் மார்புக்கூடும் நுரையீரலும் சேர்ந்த அமைப்புக்கு ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. அது நிமிடத்திற்குச் சுமார் 320. நாய் மூச்சிரைப்பதும் ஏறக்குறைய அதே வேகத்தில்தான்! ஊஞ்சலை அதன் போக்கிலேயே தள்ளினால் சிறு விசையே போதும் அல்லவா? அதுபோல, ஒத்ததிர்வால் நாயின் தசைகளுக்கு வேலை மிகவும் குறைகிறது. இல்லையென்றால் மூச்சிரைக்கும் உழைப்பாலேயே உடல் மேலும் சூடேறிவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. மூச்சிரைக்கும் நாய் பெரும்பாலும் மூக்கால் காற்றை இழுத்து வாயால் விடுகிறது என்று 1970-இல் கண்டறிந்தார்கள். மூக்கால் இழுத்து மூக்காலேயே விட்டால், வெளிவரும் காற்று தன் வெப்பத்தையும் ஈரத்தையும் குளிர்ந்த மூக்குச் சுவரிலேயே திருப்பிக் கொடுத்துவிடும். வாய் வழியே விடும்போது வெப்பம் வெளியேறிவிடுகிறது.

பொறி தோற்கும் இடம்

இவ்வளவு அருமையான பொறி இருந்தும் மூடிய வண்டியில் நாய் ஏன் சாகிறது? மீண்டும் கணக்கிடுவோம். வெளியே 30 டிகிரி வெப்பமும் 50 சதவிகித ஒப்பு ஈரப்பதமும் உள்ள ஒரு நாள். அப்போது 1 கன மீட்டர் காற்றில் சுமார் 15 கிராம் நீராவி இருக்கும். காருக்குள் 20 கிலோகிராம் எடையுள்ள நாய். பரபரப்பில் அதன் உடலில் 60 வாட் வெப்பம் உண்டாவதாகக் கொள்வோம். உட்காற்றின் வெப்பநிலை நாயின் உடல் வெப்பநிலையை எட்டியதும் வெப்பக் கடத்தலாலும் சலனத்தாலும் பயனில்லை. ஆவியாதல் ஒன்றே வழி. உடல் வெப்பநிலையில் 1 கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2400 ஜூல் வேண்டும். ஆகவே 60 வாட் வெப்பத்தை வெளியேற்ற மணிக்கு 90 கிராம் நீரை நாய் ஆவியாக்க வேண்டும்.

அந்த நீராவி எங்கே போகும்? காற்று வெளியேறவில்லை என்று கொண்டால், 3 கன மீட்டரில் 90 கிராம். அதாவது கன மீட்டருக்கு 30 கிராம் கூடும். முன்பிருந்த 15-உடன் சேர்த்து 45 கிராம். நாயின் உடல் வெப்பநிலையில் தெவிட்டிய காற்று கொள்ளும் அளவும் 46 முதல் 48 கிராம்தான்! நாக்கைச் சுற்றியுள்ள காற்றில் நாக்கின் மேற்பரப்பில் உள்ள அளவுக்கே நீராவி சேர்ந்துவிட்டால் ஆவியாதல் நின்றுவிடும். உண்மையான காரில் சிறிது காற்று கசியும். ஆகவே இது தோராயக் கணக்கே. ஆனால் வெப்பமும் கூடிக்கொண்டே போகிறது என்பதை மறக்கக் கூடாது. அந்த ஒரு மணி நேரத்தில் காற்று 52 டிகிரியை எட்டிவிடும். அப்போது வெப்பம் நாயின் உடலிலிருந்து வெளியே போவதற்கு மாறாக, வெளியிலிருந்து உடலுக்குள் பாய்கிறது.

நாயின் இயல்பான உடல் வெப்பநிலை 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. வெறும் இரண்டு மூன்று டிகிரி இடைவெளிதான்! பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு மூச்சுப் பாதை குறுகலானது. அவற்றின் நிலை இன்னும் மோசம்.

இதே துயரம் விண்வெளியிலும் நிகழ்ந்திருக்கிறது. 1957 நவம்பர் 3-ஆம் நாள் ஸ்புட்னிக்-2 கலத்தில் பூமியைச் சுற்றச் சென்ற லைக்கா பல நாட்கள் உயிருடன் இருந்ததாக நெடுங்காலம் நம்பப்பட்டது. கலத்தின் வெப்பக் கட்டுப்பாடு சரிவர இயங்காததால், அது ஏவப்பட்ட சில மணி நேரத்திலேயே வெப்ப மிகுதியால் இறந்தது என்று ரஷ்ய அறிஞர் ஒருவர் 2002-இல் வெளிப்படுத்தினார். லைக்காவும் மூடிய பெட்டியில் அடைபட்ட நாய்தான்.

இழுவை வீட்டில்

டிரெய்லரில் குளிர்சாதனம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். அமெரிக்க முகாம் திடல்களில் பரவலாகக் காணப்படும் மின் இணைப்பு 120 வோல்ட், 30 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள்: 3600 வாட். நண்பகலில் எல்லா வண்டிகளிலும் குளிர்சாதனம் ஓடும்போது மின்னழுத்தம் தாழ்வதும், இணைப்பு தானாகத் துண்டிக்கப்படுவதும் உண்டு. மின்சாரம் நின்ற கணத்திலிருந்து டிரெய்லரும் மூடிய பெட்டிதான். உள் வெப்பநிலை கூடினால் உரிமையாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் கருவிகள் கிடைக்கின்றன. ஆனால் காட்டுக்குள் கைபேசித் தொடர்பு இல்லாவிட்டால் அவையும் ஊமைதான்.

நிழல், திறந்த சன்னல்கள், வெள்ளைக் கூரை ஆகியவை ஓரளவு உதவும். வெள்ளைக் கூரை ஏன்? பளபளக்கும் வெறும் உலோகம் ஒளியைப் பிரதிபலித்தாலும், பெற்ற வெப்பத்தைக் கதிராக வீசுவதில் மிக மந்தமானது. வெள்ளை வண்ணமோ இரண்டையும் நன்றாகச் செய்யும். எனினும் இவை எதுவும் ஆள் உடனிருப்பதற்கு ஈடாகாது.

கலிபோர்னியாவில் 2016-இல் இயற்றப்பட்ட சட்டம், சூடான வண்டிக்குள் உயிருக்குப் போராடும் விலங்கைக் காப்பாற்ற, அதிகாரிகளுக்குத் தகவல் தந்துவிட்டு, வேறு வழியில்லாதபோது கண்ணாடியை உடைக்கப் பொதுமக்களை அனுமதிக்கிறது. இயற்பியல் அங்கே சட்டமாகிவிட்டது என்று சொல்லலாம்.

நம் ஊரில் டிரெய்லர்கள் அதிகமில்லை. ஆனால் கார்கள் உண்டு, வெயிலுக்குக் குறைவில்லை. காருக்குள் விடப்படும் குழந்தைக்கும் இதே ஆபத்து உண்டு. வெப்பத்தால் தள்ளாடும் நாயைக் கண்டால், நிழலுக்குக் கொண்டு சென்று, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உடனே கால்நடை மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். ஈரத் துணியால் போர்த்தி மூடிவிடாதீர்கள். ஆவியாதலுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்பதை இப்போது நீங்களே அறிவீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள நான்கு செருப்புப் பெட்டிகளின் உட்புறத்தில் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். முதல் பெட்டியைத் திறந்து வையுங்கள். இரண்டாவதைக் கண்ணாடியாலும் மூன்றாவதை மெல்லிய பாலிதீன் தாளாலும் மூடுங்கள். பாலிதீன், பாறை உப்பைப் போலவே அகச்சிவப்புக் கதிர்களைப் பெருமளவு ஊடுருவ விடும். நான்காவதையும் கண்ணாடியால் மூடி, ஓர் ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி விடுங்கள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆய்வுக்கூட வெப்பமானியை வைத்து, குமிழின் மேல் நேர் வெயில் படாமல் சிறு அட்டையால் மறையுங்கள். காய்ச்சல் பார்க்கும் வெப்பமானியைப் பயன்படுத்தாதீர்கள், உடைந்துவிடும். ஐந்து நிமிடத்திற்கு ஒரு முறை அளவெடுத்து வரைபடம் வரையுங்கள்.

நான்காவது பெட்டியின் வளைகோடு முதல் பெட்டியினுடையதை ஒட்டிச் செல்கிறதா, இரண்டாவதன் வளைகோட்டை ஒட்டிச் செல்கிறதா? விடையைக் கண்டபின், சன்னலைச் சிறிது இறக்கிவிட்டால் போதும் என்று சொல்பவரிடம் உங்கள் வரைபடத்தைக் காட்டுங்கள்.